நூறு எம்பிக்குள் அம்மா

சூடேறிய கம்ப்யூட்டர்களின் வாசனையும் ஊதுபத்திப் புகையும் கலந்து மூச்சடைத்த பொத்தேரி பிரவுசிங் சென்டரில், பிரிண்டுக்காக நின்ற கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பின்னால், செங்கல் தூசி படிந்த சட்டைகளோடு நானும் 'நைனா'வும் நின்றோம். அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆறாம் வகுப்போடு நான் பள்ளியை விட்ட கோடை அது. அம்மா செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டிலிருந்த அவளுடைய ஒரே போட்டோ, கூரை ஒழுகி ஊறிப் பாழாகிவிட்டது. படாளத்து சர்ச்சில் அறுப்பின் பண்டிகையன்று யாரோ எடுத்து இணையத்தில் போட்ட பாட்டு வீடியோதான் மிச்சம். அதன் கடைசிச் சரணத்தை அம்மா தனியாகப் பாடுவாள். அதை நைனாவின் போனில் ஏற்றிக்கொள்ளத்தான் பஸ் ஏறி வந்திருந்தோம்.

கடைக்காரர் டவுன்லோடு தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நூறு எம்பி வந்ததும் நின்னுடும் அண்ணாத்த. உங்குளுது நூத்தி நாப்பது கீது."

"நூற இப்ப ஏத்து. மீதிய ரெண்டாவது நடையில ஏத்திக்கலாம்" என்றார், சூளையில் லாரிக்குச் செங்கல் ஏற்றும் நைனா.

"இது இன்னா செங்கல் லோடா? மறுபடி போட்டா மொதல்லேந்துதான் வரும்."

வரிசையே சிரித்தது, நைனாவும் சேர்ந்து சிரித்தார். கடைக்காரர் குரலை இறக்கினார். "சின்ன சைஸ்ல எடுத்தா முழுசா வரும். மூஞ்சிதான் கட்டங்கட்டமா தெரியும்."

மெமரி கார்டில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. கடைசிச் சரணம் வராமல் நின்றாலும் முகம் தெளிவாகத் தெரிவதே வேண்டும் என்று நான் நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மூஞ்சி எனக்குத் தெரியும்டா. கொரலுதான் மறந்துகினே வருது" என்றவர், சின்னதையே ஏற்றச் சொன்னார்.

அதன்பின் லாரியில் கிளீனராகவும், கல்பாக்கத்தில் பெயிண்டடிக்கிறவனாகவும் திரிந்து, இப்போது மாமல்லபுரத்தில் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறேன். கடற்கரையில் உட்கார்ந்தால் போனில் முழுப் படமே நிமிடத்தில் இறங்குகிறது. எத்தனை எம்பி என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தத் தெளிவான வீடியோவைப் போட்டவர் எப்போதோ இணையத்திலிருந்து நீக்கிவிட்டார். முகம் தெரியும் என்று சொன்ன நைனாவும் போன வருடம் போய்விட்டார். எனக்கு அம்மாவின் மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுகூடச் சரியாக நினைவில்லை.

அன்று ஏற்றிய சின்ன வீடியோவைப் பழைய கார்டிலிருந்து புதுப் போனுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். கடைசிச் சரணம் ஒரு சொல் குறையாமல் வருகிறது. அம்மா நின்று பாடுகிற இடத்தில் பழுப்புக் கட்டங்கள் நாலைந்து அசைகின்றன.