பெரியப்பா லாரியின் பட்டை

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் லாரி ஓட்டினார்கள். பெண்கள் அதே லாரியில் காய் நறுக்கினார்கள். விளையாட்டில்லை. வண்டி ஓய்ந்து காயலான் கடைக்குப் போகும்போது, அடியிலிருக்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி அரிவாள்மனையாக அடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். அம்மாவிடம் இருந்தது தாத்தா ஓட்டிய வண்டி.

பெரியப்பாவின் லாரி ஓயவில்லை. சுண்ணாம்புக்கல் லோடோடு அரியலூர் ரோட்டில் கவிழ்ந்து, அவரையும் கொண்டுபோய்விட்டது. அந்த வண்டியின் பட்டைதான் வேண்டும் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

கீழப்பழுவூர்ப் பட்டறைக்கு என்னையும் கூட்டிப்போனாள். எந்த வண்டி என்று தெரிந்ததும் ஆசாரி தயங்கினார்.

“வேற பட்டை தரேன்க்கா. இது வேணாம்.”

“இதையே அடிங்க.”

பழுக்கக் காய்ச்சி, தட்டி, வளைத்து, தண்ணீரில் முக்கினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பெரியம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, “வாங்க” என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

திரும்பி வந்தது பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ். பெரியம்மா காசை நீட்டி, “ஆம்பளை டிக்கெட் ஒண்ணு” என்றாள். கண்டக்டர் பெரியம்மாவையும் என் இரட்டைச் சடையையும் பார்த்தார். அவள் மடியிலிருந்த சாக்குப் பொட்டலத்தையும் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் ஜன்னலோரமாக ஒதுங்கி உட்கார்ந்தேன்.

வேலை முடிந்ததும் அரிவாள்மனையைச் சாய்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் வீட்டுக்கு ஆகாது. பெரியம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தாள்; அவளுடைய புது அரிவாள்மனையையும் அம்மா தினமும் சாய்த்துவிட்டுத்தான் படுப்பாள். காலையில் பார்த்தால் அது வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும். நான் தனியாக அடுப்படிக்குள் போவதையே விட்டுவிட்டேன். திருநீறு பூசிப் பார்த்தும் அது நிற்பது நிற்கவில்லை.

கடைசியில் அம்மா அப்பாவிடம், “நாளைக்குத் திருமானூர் போறப்ப அதைக் கொள்ளிடத்துல போட்டுட்டு வந்துடுங்க” என்றாள். பெரியம்மா அருகில்தான் இருந்தாள்.

மறுநாள் விடியும் நேரத்தில் அடுப்படியில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். பெரியம்மா அரிவாள்மனையை மெல்ல நிமிர்த்தி, எதிரே டீ தம்ளரை வைத்து, “லோடுக்கு நேரமாச்சுங்க, எந்திரிங்க” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “எந்திரிங்க” என்றாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன். “பேயெல்லாம் இல்லம்மா. பெரியம்மாதான் நிமித்தி வைக்கிறாங்க” என்று பார்த்ததை அப்படியே சொன்னேன்.

பேய் இருந்த நாளெல்லாம் தைரியமாக நடமாடிய அம்மா, பாயிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா வெறுங்கையோடுதான் திருமானூர் போனார். இவ்வளவு நல்ல சேதியைச் சொன்னதற்கு அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.