காலி செய்யச் சொன்னவர்

மின்னூரைத் தாண்டி வாணியம்பாடி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அடித்துவிடுவேன் போலிருந்தது.

அன்று காலைதான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்னை வெளியே அனுப்பினார்கள். எட்டாவது பெயிலான எனக்கு அங்கே நாற்காலி கிடைத்ததே பெரிது. முதலில் இரண்டு மாதம் கட்டிங் ஹாலில் தோல் சுமந்தேன். வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பெருக்கித் துடைத்தபடி கம்ப்யூட்டர் பழகியவன் என்று தெரிந்ததும் பேட்டர்ன் ரூமில் உட்காரவைத்தார்கள். ஷூவின் ஒவ்வொரு பாகத்தையும் கட்டிங் மாஸ்டர் கம்ப்யூட்டரில் வரைவார். அந்த அளவுப் படம்தான் பேட்டர்ன். நான் பிரிண்ட் எடுப்பேன், அதை வைத்துத் தோலை வெட்டுவார்கள்.

முந்தின நாள் டிஸ்க் நிரம்பி, கம்ப்யூட்டர் எதையும் சேமிக்க மறுத்தது. ரீசைக்கிள் பின் என்ற கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டியில் அழித்த ஃபைல்கள் குவிந்து கிடந்தன. அதைக் காலி செய்யும்வரை அவை இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். மாஸ்டர் லீவு. மேனேஜரிடம் போனேன்.

"சார், குப்பைத்தொட்டியில கெடக்கறத மொத்தமா அழிச்சா இடம் வரும். ஆனா திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு மாஸ்டர கேட்டுக்கலாமா?"

"குப்பைய கொட்றதுக்கு ஒருத்தன கேக்கணுமா? அழி, போ."

நிச்சயமா என்று கம்ப்யூட்டரும் ஒருமுறை கேட்டது. ஆமாம் என்றேன்.

மறுநாள் பழைய லேடீஸ் ஷூ ஒன்றுக்கு மறுபடி ஆர்டர் வந்தது. மாஸ்டர் நேரே ரீசைக்கிள் பின்னைத்தான் திறந்தார்.

"டேய், இதுல இருந்ததெல்லாம் எங்கடா?"

"காலி பண்ணிட்டேன் பாய்."

"பேஜார் பண்ணிட்டியேடா! அத்தினி பேட்டர்னும் அதுல தான்டா கீது!"

"குப்பையில எவனாவது வெப்பானா பாய்?"

"கட்டிங்ல இன்னா பண்றோம்? வெட்டின மிச்சத்த வீசிட்றோமா? பொட்டியில போட்டு வெச்சிக்கினு வேணும்போது எடுக்கல?"

அது உண்மை. ஒரு துண்டு பழுதானால் அதே நிறத்தில் மாற்றுத் துண்டு அந்தப் பெட்டியிலிருந்துதான் வரும். வெட்டினவர் சொல்லாமல் யாரும் அதைக் கொட்ட மாட்டார்கள். இரண்டு மாதம் அந்தப் பெட்டிகளைத் தூக்கிய எனக்கே அது உறைக்கவில்லை. பழைய அட்டைப் பேட்டர்ன்களும் இல்லை. கம்ப்யூட்டர் வந்த கையோடு மேனேஜர் அவற்றை எடைக்குப் போட்டிருந்தார்.

அந்த மேனேஜர்தான் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இடம் பண்ணுன்னு தான் சொன்னேன். பேட்டர்ன அழிக்கச் சொன்னேனா?"

"நீங்கதான சார் அழி போன்னீங்க!"

"எதிர்த்தா பேசற? ஐடி கார்ட குடுத்துட்டு கெளம்பு."

மாஸ்டரைப் பார்த்தேன். குப்பையில் வைத்தது தன் தப்பு என்று வெளியே வந்துவிடும் என்ற பயம் அவருக்கு. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தப்பு மூன்று பேருடையது. வெளியே போனது நான் ஒருவன்.

மறுநாள் காலை நாட்றம்பள்ளியில் ரோடு அகலப்படுத்தும் இடத்தில் வேலை கேட்டேன்.

"ஜல்லி கொட்டுவியா?" என்றார் மேஸ்திரி.

"கொட்றேன். நீங்க சொல்ற எடத்துல கொட்டி அது தப்பாப்போனா யாரு தலையில விழும்?"

மேஸ்திரி சிரித்தார். "தப்பாப்போனா திரும்ப அள்ளுடா. இதுக்கு இன்னா பஞ்சாயத்து?"

கூடையை வாங்கிக்கொண்டேன்.