மாட்டால் செய்த தோல்

என் அக்கா லண்டனுக்கு வந்த நாளிலிருந்து என் கண்ணை நம்பித்தான் சாப்பிட்டாள். அவள் சுத்த சைவம். ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ தெரியாது. கடைக்குப் போனால் பிஸ்கட் பெட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். “வாசிச்சுப் பார், மாட்டுக் கொழுப்பு கிழுப்பு இருக்கோ?” எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஒரு பிஸ்கட்டுக்கு இத்தனை விசாரணையா?

தொண்ணூறுகளின் நடுவில், கந்தசஷ்டி விரதம் முடித்த காலை, வடை சுடும்போது எண்ணெய் தீப்பிடித்து அவளுடைய நைலோன் சட்டையில் பாய்ந்தது. வலது கை மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெந்துபோனது. தோல் சரியாக வராவிட்டால் முழங்கை மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு நிமிராது என்றார் டொக்டர். அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு செயற்கைத் தோலைப் பற்றிச் சொன்னார். அடியில் பஞ்சு மாதிரி ஒரு வலை, மேலே மெல்லிய சிலிக்கோன் படலம். அக்காவின் சொந்தத் தசையும் இரத்தக் குழாய்களும் அந்த வலைக்குள் வளர்ந்து வரும். பிறகு படலத்தை உரித்துவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்களாம்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெட்டி வாசித்த பழக்கதோஷத்தில், அது எதால் செய்தது என்று கேட்டுத் தொலைத்தேன்.

மாட்டின் தசைநாராம். மாடு போதாதென்று சுறாவின் குருத்தெலும்பும் சேர்ந்ததாம்.

“என்னவாம்?” என்றாள் அக்கா.

சொன்னால் வேண்டாம் என்பாள், கை போய்விடும். சொல்லாவிட்டால், அடுத்த பிஸ்கட் பெட்டியை அவள் நீட்டும்போது எந்த முகத்தோடு வாசிப்பது?

“புதுத் தோல் ஒண்டு போடப் போகினமாம், அக்கா.”

“எதாலை செய்ததாம்? கேட்டனியோ?”

“கேட்டனான். மாட்டாலை. சுறாவும் கிடக்காம்.”

கண்ணை மூடிக்கொண்டாள். டொக்டர் என்னைப் பார்த்தார், நான் நிலத்தைப் பார்த்தேன்.

“செத்த மாடோ, வெட்டின மாடோ?”

“வெட்டினதுதான்.”

“அது எனக்குள்ளை கிடக்குமோ?”

டொக்டரிடம் கேட்டேன். “இல்லையாம். உங்கடை தசை வளர வளர அது கரைஞ்சு போகுமாம். உங்களுக்கு இடத்தை விட்டிட்டுப் போயிடுமாம்.”

“அந்தச் சீவன் பாவம்,” என்றாள் அக்கா. “போடச் சொல்லு.”

அந்தத் தோலைப் போட்ட பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. கிருமி தொற்றினால் அதை முழுவதும் வெட்டி எடுக்க வேண்டும் என்றிருந்தார்கள். பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்ததும் நேரே வார்டுக்கு ஓடுவேன். கட்டுக்குக் கிட்டக் குனிந்து, கெட்ட வாடை அடிக்கிறதா என்று மூக்கை வைத்துப் பார்ப்பேன்.

“என்னடி, நாய் மாதிரி மணந்து பாக்கிறாய்?” என்று அக்கா சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒருநாள் ஒரு மூலையில் சீழ் கோத்துவிட்டது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அடுத்த கட்டுப் பிரிக்கும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரித்தபோது படலத்துக்கு அடியில் இளஞ்சிவப்பாக இருந்தது. புதுத் தோல் பிடித்துவிட்டது என்றார் டொக்டர். அன்று பஸ்ஸில் எல்லோரும் பார்க்கப் பார்க்க அழுதேன்.

தொடைத் தோலும் ஒட்டி, கை ஆறிய பிறகும் என் பயம் ஆறவில்லை. அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கும்போதெல்லாம் முழங்கையைத்தான் பார்ப்பேன்.

அடுத்த வருடம் பட்டிப்பொங்கல் அன்று சாமியறையில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் என்றால் இந்நேரம் மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருப்போம். எங்கள் கவுன்சில் பிளாட்டில் மாட்டுக்கு எங்கே போவது? அக்கா வந்து பக்கத்தில் இருந்தாள். சட்டைக் கையை மேலே சுருட்டி, அந்தத் தழும்புக் கையை என் மடிக்கு நேரே நீட்டினாள்.

“இதிலை வை. எங்களிட்டை வேறை மாடு இல்லை.”

கை நேராக நீண்டிருந்தது. முழங்கையில் கொஞ்சமும் மடிப்பில்லை. சந்தனத்தைத் தொட்டு அதில் பொட்டு வைத்தேன்.