ராத்தாவின் கழுத்தைப் படம் எடுத்த பகல்

அந்த ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் இரண்டே பேர்: நானும், படம் எடுக்கிற சம்மாந்துறைக்காரரும். அவர் என்னைவிட மூத்தவர், காக்கா என்று கூப்பிட்டேன். உள்ளே என் மூத்த சகோதரி, ராத்தா. உம்மா ராத்தாவின் கைப்பிள்ளையோடு வீட்டில், மச்சான் கத்தாரில். வாப்பா இல்லை, அவர் மவுத்தாகி நாலு வருசம்.

இப்படியான கதைகளை நான் நம்புகிற ஆள் இல்லை. எங்கள் வீட்டில் ஏ.எல். வரை படித்தது நான் மட்டும்தான், அதுவும் விஞ்ஞானப் பிரிவு. போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்றுதான் மார்க்கமும் சொல்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடிதானே எழுத முடியும்.

ராத்தாவுக்குத் தொண்டை நோகத் தொடங்கியது கீரிமீன் ஆணம் சாப்பிட்ட அன்று. வாப்பா கடலுக்குப் போய் மீன் பிடித்த ஆள், அப்படியான வீட்டில் தொண்டை நொந்தால் அது முள்ளுத்தான், வேறு யோசனையே வராது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கக் கொடுத்தோம், முள்ளுக்கு ஓதுகிறவரிடம் தண்ணீர் ஓதி வாங்கினோம், அப்படியே மூன்று நாள் போனது. கடைசி உருண்டையை உருட்டிக் கொடுத்தது நான், விஞ்ஞானம் படித்தவன். நாலாம் நாள் ராத்தாவுக்கு வாய் திறக்கவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துணியில் துப்பினாள், கழுத்தின் ஒரு பக்கம் கல் மாதிரி வீங்கியிருந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, முள்ளும் இல்லை ஒன்றும் இல்லை, டான்சில் பழுத்துச் சீழ் கழுத்துக்குள் இறங்கியிருக்கிறது போல, எவ்வளவு தூரம் என்று சி.டி. எடுத்தால்தான் தெரியும், மூச்சுக்குழாயை நெருக்கினால் உயிருக்கே ஆபத்து என்றார்.

படத்துக்கு மல்லாந்து படுக்க வேண்டும், அதுதான் ராத்தாவால் முடியவில்லை. படுத்ததும் மூச்சு முட்டி எழும்பிவிடுவாள். இரண்டு தரம் அப்படி.

"தம்பி, ஊசிமருந்து ஏறக்குள்ள உடம்பு சுடும், பயப்பட வேணாமெண்டு சொல்லுங்க. அசையவும் கூடா, விழுங்கவும் கூடா," என்றார் காக்கா. "கலியாணப் படத்துக்கு நிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இரிந்தாப் போதும்."

"கலியாணப் படத்திலயும் அவ அசைஞ்சதான் காக்கா," என்றேன். சிரிக்க வரவில்லை.

மூன்றாம் தரம் ராத்தா படுத்தாள். மெஷின் சுற்றத் தொடங்கியது. உள்ளே நடப்பதைக் கேட்க ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது, நம்பினால் நம்புங்கள், அதற்குள்ளிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் மெதுவாக வந்தது.

"விழுங்காத மகள். என்ட கிளி, கொஞ்சம் பொறு. இந்தா முடிஞ்சி."

சின்ன வயதில் ராத்தாவின் தொண்டையில் முள்ளு குத்தினால் வாப்பா அவள் நாடியைப் பிடித்து முகத்தை மேலே தூக்கி, இரண்டு விரலால் எடுத்துவிடுவார். அப்போது சொல்கிற அதே சொற்கள். என் மனப்பிரமை என்றுதான் இருந்திருப்பேன், ஆனால் காக்கா திரும்பிப் பார்த்தார்.

"உள்ள ஆரு கதைக்கிற?"

கண்ணாடியால் பார்த்தோம். ராத்தா மட்டும்தான், வாயே திறக்க முடியாதவள். அவள் நாடி கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. படம் முடியும் வரை ஒரு அசைவு இல்லை.

படம் அவ்வளவு தெளிவு. சீழ் மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் வந்திருந்தது, அன்று பின்னேரமே வெட்டி எடுத்தார்கள். இப்போது ராத்தா சுகம், அந்தச் சோற்று உருண்டைக்காக இன்றைக்கும் எனக்கு ஏச்சு விழுகிறது.

ஆனால் அன்று ஸ்கேன் முடிந்து, ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேனில் ஏறியதும் அவள் சைகையால் பேனை கேட்டாள். என் கையிலிருந்த பற்றுச்சீட்டை வாங்கி, பின்பக்கத்தில் எழுதினாள்: "வாப்பாவ ஏன் உள்ளுக்கு விட்டுட்டு வந்த?"

எழுதியது ஞாபகமே இல்லை என்கிறாள் இப்போது. எழுத்து அவளுடையதுதான். சீட்டு என் பர்சில் இருக்கிறது, எடுத்தால் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். அதில் இருப்பது, கழுத்து சி.டி., இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.