மூஞ்சூறும் மூன்று ஜாடிகளும்

எங்கள் பள்ளியில் விலங்கியல் எடுத்த யாரும் விலங்கைப் படிக்கவில்லை. ஜாடியைப் படித்தோம். மூடி விளிம்பு உடைந்திருந்தால் கடல் வெள்ளரி. மெழுகு வழிந்து காய்ந்திருந்தால் நாடாப்புழு. சீட்டில் பச்சை மை கொட்டியிருந்தால் நத்தை. உள்ளே கிடந்தவை மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய், பார்த்தால் எது எதுவென்றே தெரியாது. மேல் வகுப்புப் பெண்கள் எங்களுக்குச் சொன்னார்கள், நாங்கள் கீழ் வகுப்புக்குச் சொன்னோம். வாத்தியாருக்கும் தெரியும். தேர்ச்சி காட்டினால் போதும் என்று அவர் வாயைத் திறக்கவில்லை.

இது எண்பதுகளின் கடைசி. செய்முறைத் தேர்வன்று எனக்குக் காய்ச்சல். போகவில்லை, விலங்கியல் மட்டும் போய்விட்டது. மறு தேர்வு வரும்வரை திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஸ்க்ரூ பொறுக்கிப் பையில் போடும் வேலை. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகாது. வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா தாம்பரத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், முட்டி போய்விட்டது.

"இந்த ஒரு வாட்டி எய்து. பாஸ் ஆனா நர்ஸு படி. இல்லேன்னா கம்பெனியே கதி. என்னால இதுக்கு மேல முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

மறு தேர்வுக்கு குரோம்பேட்டையில் வேறொரு பள்ளியைப் போட்டார்கள். உள்ளே நுழைந்ததும் ஜாடிகளைத்தான் பார்த்தேன். எல்லா ஜாடியும் புதுசு. எல்லாவற்றுக்கும் ஒரே நீல மூடி. என்னோடு தோற்ற தோழி பக்கத்து மேசையில் நின்றாள். "இன்னாடி இது, நம்ம ஜாடி ஒண்ணு கூட இல்லியே" என்று முணுமுணுத்தாள். ஓர் ஆண்டு முழுக்க நாங்கள் படித்தது பழைய பள்ளியின் அலமாரியிலேயே கிடந்தது.

என் மேசையில் நடுவில் ஒரு மூஞ்சூறு, பக்கத்தில் மூன்று ஜாடிகள். மூஞ்சூறை அந்த மூன்றோடும் ஒப்பிட வேண்டும், ஒவ்வொன்றும் எந்தத் தொகுதி என்று எழுத வேண்டும். ஒன்றில் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு. ஒன்றில் அழுகிய காய் மாதிரி ஏதோ. மூன்றாவது ஒரு சதைக் கட்டி. மூடி உடைந்திருந்தால் அந்தக் காயைக் கண் மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

மூஞ்சூறு மட்டும் தெரிந்தது. எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால் ஒன்று குடியிருந்தது. பிள்ளையார் வாகனம் என்று அம்மா அடிக்க விடமாட்டாள். அதனால் எழுதினேன்: மூஞ்சூறுக்கு முதுகெலும்பு உண்டு, மயிர் உண்டு, குட்டிக்குப் பால் கொடுக்கும், இதற்கு அதெல்லாம் இல்லை. அடுத்த ஜாடிக்கும் அதையே எழுதினேன். அதற்கடுத்ததற்கும் அதையே. எதற்குமே தொகுதி எழுதவில்லை.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னம்மா, ஒண்ணையே மூணு தடவை எழுதியிருக்க?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வீட்டில் பார்த்ததை எல்லாம் கொட்டினேன். மூஞ்சூறு கரப்பானைக் கடித்தால் மொறுக்கென்று சத்தம் வரும், கரப்பானுக்கு எலும்பு இல்லை, மேலே ஓடுதான் சார். மண்புழுவைக் கடித்தால் சத்தமே வராது, ஓடும் இல்லை, வளையம் வளையமாக இருக்கும். நத்தை ஓட்டுக்குள்ளே இழுத்துக்கொண்டால் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்.

அவர் கடைசிவரை கேட்டார். சிரிக்கவில்லை. "இதெல்லாம் சரிதான்மா. ஆனா இங்க கரப்பானும் இல்ல, மண்புழுவும் இல்ல. உன் முன்னாடி இருக்கறது என்ன, அதைச் சொல்லு."

பேனாவை மூடினேன்.

முடிவு வந்த அன்று மத்தியானம் தாம்பரம் ரயில்வே ஸ்டேஷனில் பேப்பர் வாங்கி அங்கேயே பிரித்தேன். தோழியின் எண் இருந்தது. எப்படியென்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என் எண் இல்லை. நாலு தடவை பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மூஞ்சூறு சுவரோரமாக ஓடியது. துடைப்பக் கட்டையால் ஒரே அடி. அது கீச்சென்றது, அவ்வளவுதான்.

"அத்த இன்னாத்துக்குடி அடிச்ச?" என்று அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள்.

குச்சியால் அதைப் புரட்டினேன். மூஞ்சூறின் வயிற்றுப் பக்கத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பின்னங்கால்களுக்கு நடுவே ஆறு காம்புகள், மயிர் உதிர்ந்து சிவந்திருந்தன. பால் கொடுக்கும் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன்.

டின்னுக்குப் பின்னாலிருந்து சின்னச் சின்னதாகக் கீச் சத்தம் கேட்டது. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து டின்னை நகர்த்தப் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. காலை கம்பெனி ஷிப்டுக்குக் கட்ட வேண்டிய புடவையைத் துவைக்க வெளியே போனேன்.