நடுவில் வைத்த தட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு எங்கள் ஊர் ஓட்டல்களில் ஓர் அமைதி வரும். டிபன் கூட்டம் போயிருக்கும், சாப்பாடு இன்னும் ஆகியிருக்காது. இட்லிக் கொப்பரையை இறக்கிக் கழுவப் போட்டிருப்பார்கள். பின்கட்டிலிருந்து சோறு வடிக்கிற வாசனை வரும். தோசைக்கல் மட்டும் சூடாக இருக்கும். விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்த சப்ளையர்கள் அப்போதுதான் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டீயை வாயில் வைத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து நாங்கள் மூன்று பேர் உள்ளே நுழைவோம்.

டிபனுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவே சாப்பிடும் இதற்கு, என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் டீச்சர் பிரஞ்ச் என்று பெயர் சொன்னாள். எங்களுக்கு அது பதினொரு மணிதான். இந்த வாரம் பதினொரு மணி உண்டா என்று சனிக்கிழமையே போனில் கேட்டுக்கொள்வோம். துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, கறிக்கு மசாலா அரைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப எங்களுக்கு அந்த நேரம்தான் வாய்த்தது.

மூவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நான் ராஜபாளையம். ஒருத்தி மகாராஜபுரத்துக்காரி, வத்திராயிருப்புப் பக்கம். ஆஸ்பத்திரி ஒன்றில் லேப் டெக்னீசியன். இன்னொருத்தி சேத்தூர்க்காரி, பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. ஒருத்திக்குத் தெற்கே ஊர், ஒருத்திக்கு வடக்கே. அதனால் ஒரு ஞாயிறு ராஜபாளையத்தில் கூடினால் அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடுவோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசல் மிதித்த முதல் ஆள் நான். எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தேன், இன்று வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் அம்மா ஓட்டலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. வாசலில் நின்று பார்சல் வாங்கி வருவாள், அதுவும் யாருக்காவது காய்ச்சல் என்றால். நான் என் சம்பளத்தில், என் கூட்டாளிகளோடு, கல்லாவுக்கு எதிர் மேஜையில் முகம் தெரிய உட்கார்ந்து, “அண்ணே, ரோஸ்ட் நல்லா முறுகலா வேணும்” என்று சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

ராஜபாளையத்து ஓட்டலில் வயதான சப்ளையர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே குரல் கொடுப்பார், மூன்று மகாராணிகளும் வந்தாச்சு, கல்லை அணைச்சுராதீங்க என்று. முதலாளி கல்லாவில் இருந்தபடி தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொல்வார். நம்மைத்தான் திட்டுகிறார் என்று சேத்தூர்க்காரி அதை மொழிபெயர்ப்பாள். அவளுக்குத் தெலுங்கில் ஒரு சொல்லும் தெரியாது.

தட்டுகளை நடுவில் வைக்கும் பழக்கத்தைத் தொடங்கியவள் அவள்தான். முதல் தடவை நான் தோசையைப் பிய்த்து வாயில் வைத்த கையோடு, அவள் கை என் தட்டுக்குள் வந்துவிட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டில் ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அவள் வீட்டிலோ அதைவிடக் கண்டிப்பு. அவளுடைய அப்பாவின் அக்கா, கணவன் இறந்தபின் அந்த வீட்டோடு வந்துவிட்டவர், டம்ளரில் உதடு பட்டால்கூடக் கழுவிக் கவிழ்க்கச் சொல்வாராம். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள், ஞாயிறு பதினொரு மணிக்கு மட்டும் எங்கள் தட்டுகளுக்குள் கைவிட்டாள். பிறகு மூன்று தட்டுகளையும் நடுவிலேயே வைக்க ஆரம்பித்தோம். என்ன வேண்டும் என்று கேட்டால், நீங்களே சொல்லுங்க என்பாள். நாங்கள் பேசிக்கொண்டே சாப்பிட, அவளும் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். யார் எதைச் சாப்பிட்டோம் என்று யார் பார்த்தது?

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது அவள் உடல்தான்.

அதன் பிறகு எங்கள் பதினொரு மணி நின்றுபோனது. யாரும் நிறுத்துவோம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை போன் வரவில்லை, நானும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு வீட்டில் எந்த வேலையில் இருந்தாலும் எனக்கு வயிறு பசிக்கும். சாப்பிட உட்கார்ந்தால் இறங்காது. என் தட்டின் ஓரத்தில் யாரோ கை வைக்கப் போகிறார்கள் என்பதுபோல் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைப்பேன். என் அம்மா அதைக் கவனித்தாள்.

தை மாதம் சேத்தூரிலிருந்து அவளுடைய அம்மா போன் செய்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்ணை அந்த வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுவார்கள். பாவாடை, தாவணி, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் புதிதாக வாங்கி ஒரு பெட்டியில் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் படைப்பார்கள். அவர்களும் படைத்திருந்தார்கள். ஆனால் அவள் தன் அம்மாவின் கனவில் வந்து அடுப்படி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம். பசிக்கிறது என்கிறாளாம். பணியாரம், சர்க்கரைப் பொங்கல், கருப்பட்டி தோசை என்று வைத்துப் பார்த்தாயிற்று. கனவு நிற்கவில்லை.

“வீட்டுல அவ எதையும் கேட்டுத் தின்னதில்ல தாயி. வச்சதத் தின்னுட்டுப் போயிருவா. ஞாயித்துக்கெழம ஓட்டலுக்கு மட்டும் அம்புட்டு ஆசையா ஓடுவாளே. அங்கன என்ன திங்கா அவ?”

நான் யோசிக்கவே இல்லை. நெய் ரோஸ்ட் என்றேன். அவர் அடுத்த வெள்ளிக்கிழமையே ராஜபாளையத்துக்கு ஆள் அனுப்பி நெய் ரோஸ்ட் வாங்கிவந்து படைத்தார். அந்த வாரமே மறுபடி போன். அவள் வந்தாளாம். இலையைப் பார்த்தாளாம். உட்காரவில்லையாம்.

மகாராஜபுரத்துக்காரியிடம் சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டாள். நெய் ரோஸ்ட் உனக்குப் பிடித்தது, அவளுக்குப் பிடித்தது பூரி என்றாள். பூரி உனக்குப் பிடித்தது என்றேன் நான். போனிலேயே சண்டை போட்டோம். இத்தனை ஞாயிறு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் என்ன சாப்பிட்டாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் போனில் இருந்த படங்களை எல்லாம் பார்த்தேன். ரோஸ்ட், பூரி, ஊத்தப்பம், வடை என்று தட்டுகளை வளைத்து வளைத்து எடுத்திருந்தேன். அவள் இருந்த படங்களில் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாள், அல்லது வாய் நிறைய இருந்ததால் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் என்ன என்று எந்தப் படமும் சொல்லவில்லை.

ஒரு தடவை போய் உட்கார்ந்து பார்த்தால் நினைவு வரும் என்று மகாராஜபுரத்துக்காரிதான் சொன்னாள். அந்த ஞாயிறு ராஜபாளையத்தில் கூடினோம். அதே பதினொரு மணி. சப்ளையர் எங்களைப் பார்த்தார். உள்ளே குரல் கொடுக்கவில்லை. எங்கே அந்தப் பிள்ளை என்றும் கேட்கவில்லை. யாரோ சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னோம். தட்டுகள் நடுவில் வந்து அமர்ந்தன. பூரி உப்பிய நிலையில் வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுங்கியது. சாப்பிடத் தோன்றவில்லை. சும்மா இருக்க முடியாமல் நான் ஒரு உளுந்த வடையை எடுத்துக் கடித்தேன். ஒரு கடிதான். மீதியைச் சாம்பார் கிண்ணத்தின் ஓரமாக, எனக்கு வலப்பக்கம், காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தேன்.

வைத்த பிறகுதான் பார்த்தேன். எதற்காக அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கை தன் பாட்டுக்கு வைத்தது.

மகாராஜபுரத்துக்காரி அந்த வடையையே பார்த்தாள். அப்புறம் சன்னமான குரலில் சொன்னாள்.

“ஏட்டி, இதத்தான் அவ திம்பா. நீ கடிச்சத.”

எங்களுக்கு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. முழு வடையை அவள் தொட்டதில்லை. கடிச்சுட்டுத் தா என்பாள். பூரியில் பாதியை மகாராஜபுரத்துக்காரி பிய்த்துத் தின்ற பிறகு மீதிப் பாதிக்குக் கை நீட்டுவாள். காபியில்கூட நான் ஒரு வாய் குடித்து வைத்ததை எடுத்துக் குடித்துவிட்டு, உன்னுதுல சீனி கூட என்பாள். அவளுக்குப் பிடித்தது ரோஸ்ட்டும் இல்லை, பூரியும் இல்லை. எங்கள் எச்சில்.

தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வது? படையலுக்குச் சமைக்கும்போது உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. ஒரு பருக்கை வாயில் பட்டால் அது சாமிக்கு ஆகாது. அவள் இப்போது சாமி. உயிரோடு இருந்தபோது ஆசையாகச் சாப்பிட்ட ஒன்றை, இறந்ததனாலேயே அவளுக்குக் கொடுக்க முடியாமல் போயிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றாள் மகாராஜபுரத்துக்காரி. அந்த அம்மா மனசு ஆறுகிற மாதிரி பூரி என்று சொல்லிவிடலாம் என்றாள். அதற்குள் எனக்கு அந்த அடுப்படி நிலை கண்ணில் வர ஆரம்பித்திருந்தது. நான் போகாத அடுப்படி. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நானே போன் செய்து சொன்னேன். அவளுடைய அம்மா, ஆடி கடைசி வெள்ளிக்கு இரண்டு பேரும் வரணும், வரும்போது அந்த ஓட்டலில் வழக்கமாக வாங்குவதை வாங்கி வரணும் என்று மட்டும் சொன்னார்.

லீவு போட்டுவிட்டு மகாராஜபுரத்துக்காரியோடு சேத்தூர் பஸ்ஸில் போனேன். மடியில் பார்சல் சூடாக இருந்தது. வீட்டில் உறவினர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். பெட்டி திறந்திருந்தது. உள்ளே மஞ்சள் தாவணி, பிரிக்காத மடிப்போடு. அந்த நிறத்தை அவள் உடுத்தி நான் பார்த்ததில்லை. எதிரில் தலைவாழை இலை. நான் பார்சலைப் பிரித்து இலையில் வைக்கப் போனேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்தார்.

“ஒரு வாய் தின்னுட்டு வை தாயி.”

அவளுடைய அப்பாவின் அக்கா அப்படியே எழுந்துவிட்டார். “சாமிக்கு எச்சியா வைப்பா ஒருத்தி? குடும்பம் வெளங்கும்ங்கியா?”

“சாமிக்கு நீங்க வைங்க மதினி. இது எம்மகளுக்கு.”

அந்த அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார். ஆனால் போய்விடவில்லை. எனக்கு எல்லோரும் என் வாயையே பார்ப்பதுபோல் இருந்தது. வடையைக் கடித்தேன். ஆறிப்போய், எண்ணெய் இறுகியிருந்தது. மீதியை இலையில் வைத்தேன். மகாராஜபுரத்துக்காரி பூரியைப் பாதியாகப் பிய்த்து ஒரு பாதியைத் தின்றாள், அழுதுகொண்டே. அழுதபடி அவள் மென்ற சத்தம் அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டது. மறு பாதியை வைத்தாள். சூடம் காட்டினார்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். படையலை அவள் வந்து சாப்பிட்டு முடிக்க விட வேண்டிய நேரம் அது. தெருவில் ஒரு பால்காரர் போனார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்தேனா, கேட்கக் கூடாது என்று பயந்தேனா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கதவைத் திறந்தபோது இலை வைத்தது வைத்தபடி இருந்தது. அப்படித்தான் இருக்கும். வேதியியல் படித்த எனக்கு அது தெரியாதா? ஆனாலும் நான் முதலில் பார்த்தது வடையைத்தான்.

அதற்குப் பிறகு சேத்தூரிலிருந்து போன் வரவில்லை. கனவு நின்றுவிட்டது என்று புரிந்துகொண்டோம். நானும் மகாராஜபுரத்துக்காரியும் மறுபடி பதினொரு மணிக்குப் போக ஆரம்பித்தோம். பள்ளிக்கூடக் கதைகள், ஆஸ்பத்திரிக் கதைகள் பேசினோம். அவரவர் தட்டு அவரவர் முன்னால் இருந்தது.

மழை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது சேத்தூர்க்காரியின் அம்மா போனில் பேசினார். எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். ஓட்டலில் என்றேன். பின்னால் தட்டுகளின் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்றார். பிறகு கனவைப் பற்றி நானே கேட்டேன்.

“அன்னைக்குப் போனவதான். வரவே மாட்டேங்கா. வயிறு நெறஞ்சு போச்சு போல. நான் அடுப்படியத் தெறந்தே போட்டுட்டுப் படுக்கேன் தாயி. தைக்குப் படைக்கையில எச்சி இல்லாம வைக்கவா? பசிச்சா வருவால்ல.”

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். மகாராஜபுரத்துக்காரி ஈரக் கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.