பெரிய எஞ்சினும் ஒரு கையெழுத்தும்

சனிக்கிழமை காலை 9.10. வுப்பர்டாலில் எஸ்-9 ரயிலில் ஏறினேன். எசனில் மாறி கெல்சென்கிர்ச்சன் போகவேண்டும். சாலைவழி என்றால் நாற்பது கிலோமீற்றர் சொச்சம். அங்கே பழைய அமெரிக்கக் கார்களின் சந்திப்பு. என் மகள் ஆரணி தன் காரைக் கொண்டுவருகிறாள். என்னையும் அழைத்திருந்தாள்.

எதிர் இருக்கையில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிச் சிவலிங்கம்.

"மாஸ்ரர், எங்க வெளிக்கிட்டியள்?"

சொன்னேன்.

"உங்கட மகள் கார்க் கம்பனியிலை எஞ்சினியரெல்லே? நானும் வாறன். என்ர மகனும் தெற்கை வால்டோர்ஃபிலை ஒரு கம்பனி மனேஜர்தான், ஒரு நாளாவது வந்து பாருங்கோ எண்டு கூப்பிட்டவனே?"

வரவேண்டாம் என்று சொல்ல வாய் எழவில்லை. ஆரணி எஞ்சினியர் அல்ல, மெக்கானிக். பதினாறு வயதில் ஒரு கராஜில் அவளுக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, கிடைத்தது. ஒப்பந்தத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் என்ற மிதப்பில் நான் மறுத்தேன். பதினெட்டு வயதாகும்வரை காத்திருந்து அவளே கையெழுத்திட்டாள். நானோ கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் எஞ்சினியர் என்றே சொல்லிவந்தேன். இருபது வருடப் பொய். அது இப்போது எதிரில் உட்கார்ந்து என்னோடு பயணம் செய்தது.

10.40. மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் முற்றம். அறுபது கார்கள் இருக்கும். கோப்பி இரண்டரை யூரோ. ஆரணியின் கார் கரும்பச்சை, இரண்டு கதவு, 1969ஆம் ஆண்டுத் தயாரிப்பு. எண்பலகையின் முடிவில் 'எச்' என்ற எழுத்து. முப்பது வருடம் கடந்து, அசல் நிலையில் பேணப்பட்ட வண்டிக்கே ஜெர்மனியில் அது கிடைக்கும்.

"இது ரேஸ் காரோ பிள்ளை?" என்றார் சிவலிங்கம்.

"இல்லை மாமா. சனம் கடைக்குப் போற நடுத்தரக் கார். அதுக்குள்ள பெரிய காரின்ர வி-8, எட்டுச் சிலிண்டர் எஞ்சினை இறக்கினவை. சாதாரண ஆக்களும் வாங்கக்கூடிய விலை. அதுதான் மசில் கார். நேர் ரோட்டிலை பறக்கும்."

"வளைவிலை?"

"கும்பிட்டுக்கொண்டு இருக்கோணும்."

1964இல் வந்த ஒரு காரைத்தான் பலர் முதலாவது மசில் கார் என்கிறார்கள். அதற்கு முன்பே இலேசான உடலில் பெரிய எஞ்சின் பூட்டியதுண்டு என்று பக்கத்துக் கார்க்காரர் வாதாடினார். சிறிய கார்களையும் அந்த வகையில் சேர்ப்பதா என்பதிலும் அவர்களுக்குள் சண்டை. எழுபதுகளின் தொடக்கத்தில் காப்புறுதிக் கட்டணமும் புகைச் சட்டங்களும் பெற்றோல் விலையும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

"எல்லாம் சரி," என்றார் சிவலிங்கம். "எஞ்சினியர் எண்டால் கடதாசியிலை கீறுறவையெல்லே? நகத்துக்குள்ள ஏன் கிறீஸ்?"

"ஆர் எஞ்சினியர்?" ஆரணி என்னைப் பார்த்தாள்.

"சிவம், அவ மெக்கானிக்," என்றேன். "நான்தான் பொய் சொன்னனான். வெக்கத்திலை சொன்னது."

ஆரணி துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"வெறும் மெக்கானிக் இல்லை அப்பா, மைஸ்டர், சோதினை எழுதிப் பாஸான தலைமை மெக்கானிக். எனக்குக் கீழ மூண்டு பேர் தொழில் பழகினம். சொல்லுறதெண்டால் சரியாச் சொல்லுங்கோ."

"அண்டைக்குக் கையெழுத்துப் போடாதது என்ர பிழை, பிள்ளை."

ஆரணி காருக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்துவந்தாள். சந்திப்பின் முடிவில் நடக்கும் கார் ஊர்வலத்தில் ஓட்டுநரோடு ஏறுபவர்கள் ஒப்பமிட வேண்டுமாம்.

"இதிலையாவது போடுங்கோ. போடாட்டில் ஏத்த ஏலாது."

வாசிக்காமலே கையெழுத்திட்டேன்; சிவலிங்கமும் இட்டார். எஞ்சினைக் கிளப்பியதும் இருக்கை வழியாக முதுகெலும்பு வரை அதிர்ந்தது. பின்னிருக்கையில் சிவலிங்கம் முருகனைக் கூப்பிட்டார். ஆரணி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டபோது அவளுக்குப் பதினாறு ஆகியிருக்கவில்லை.

மாலை 4.20. திரும்பும் ரயில் எசனைத் தாண்டியது. சிவலிங்கம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"மாஸ்ரர், என்ர மகனும் மனேஜர் இல்லை. வால்டோர்ஃபிலை ஒரு கன்ரீனிலை சமைக்கிறான். ஆனா நல்லாச் சமைப்பான்."

"அப்ப அடுத்த சனிக்கிழமை அங்க போய்ச் சாப்பிடுவம்," என்றேன்.

"சனிக்கிழமை கன்ரீன் பூட்டு. வெள்ளிக்கிழமை போவம்."